ஸ்நாக்ஸ்ல மருந்துக்கு அடங்காத கிருமி இருக்காமே, டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?

கேள்வி: வேலை முடிஞ்சு வரும்போது மார்க்கெட்ல ரெடியா விக்கற ஸ்நாக்ஸ் வாங்கி சாப்பிடுவேன். அதுல ஆன்டிபயாடிக்குக்கே சாகாத பாக்டீரியா இருக்குன்னு படிச்சதுலேருந்து பயமா இருக்கு. வயிறு சரியில்லைன்னா வீட்ல மிச்சம் இருக்கற ஆன்டிபயாடிக்ல ரெண்டு போட்டுப்பேன், நின்னுடும். இனிமே அது கேக்காதா? டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா?

பதில்: எனக்கு ஸ்நாக்ஸை விட அந்த ரெண்டு மாத்திரை தாங்க கவலையா இருக்கு, அதுக்கு வரேன்.

மருந்துக்கு சாகாத கிருமி சூட்டுக்கும் சாகாதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல, வயித்தை கெடுக்கற பாக்டீரியாவான ஈ.கோலையோ சால்மோனெல்லாவோ, சாப்பாட்டுல உள்வரைக்கும் 70 டிகிரி சூடு ஏறினா செத்துடும், எந்த மருந்துக்கு அடங்காததா இருந்தாலும் சரி. அதனால கண்ணு முன்னாடி கொதிக்க கொதிக்க எடுத்து தர்றதுல பயம் கம்மி. சமைச்ச அப்புறம் கை படுது, அதே கையால காசு வாங்கறாங்க, ஒரே துணியால எல்லாத்தையும் துடைக்கறாங்க, அப்புறம் மணிக்கணக்கா வெளியிலயே இருக்கு, பிரச்சனை அங்க தான். 5லேருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகறதுக்கு தோதான சூடு, அதனால ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில இருந்தத தொடாதீங்க. வெட்டி வெச்ச பழம், பச்சையா கலந்து தர்றது எல்லாம் சூடே படாதது, இன்னும் ஜாக்கிரதை. சரி சூடு பண்ணி சாப்பிடலாமேன்னு கேக்கலாம், ஆனா ஸ்டாஃபைலோகாக்கஸ்னு ஒண்ணு, மூக்குலயும் கையிலயும் இருக்கறது, அது சாப்பாட்டுல விட்டுட்டு போற நஞ்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது.

இப்ப மாத்திரைக்கு வரேன். மருந்துக்கு அடங்காத கிருமி வயித்துக்குள்ள போனா உடனே நோய் வரணும்னு இல்ல, பல பேருக்கு குடல்ல சத்தமில்லாம தங்கிட்டு கொஞ்ச நாள்ல தானாவே போயிடும். நீங்க நடுவுல ஆன்டிபயாடிக் போட்டீங்கன்னா அங்க ஏற்கனவே இருக்கற நல்ல பாக்டீரியா சாகுது, இது மட்டும் சாகல, பஸ்ல சீட் காலியானா நிக்கறவன் உக்காந்துக்கற மாதிரி இது நல்லா பரவிடுது. போதாததுக்கு மருந்தை எதிர்க்க வைக்கற அந்த ஜீனை பக்கத்துல இருக்கற வேற பாக்டீரியாவுக்கும் குடுத்துடும். ரெண்டு மாத்திரைல நின்னுடுச்சுன்னு சொல்றீங்களே, பெரும்பாலும் அது மாத்திரையே இல்லாம ஓரிரு நாள்ல தானா நின்னிருக்கும். அரைகுறையா மருந்து எடுத்தா கிருமி பழகிக்கும்னு பென்சிலினை கண்டுபிடிச்ச ஃபிளெமிங்கே 1945ல நோபல் உரையில எச்சரிச்சுட்டு தான் போனார், நாம தான் கேக்கல.

லூஸ் மோஷன் ஆச்சுன்னா ஓஆர்எஸ் குடிங்க, பாக்கெட்ல எவ்ளோ தண்ணின்னு போட்டிருக்கோ கரெக்டா அவ்ளோல கரைச்சு. வழக்கம்போல சாப்பிடுங்க. மலத்துல ரத்தம், அதிக காய்ச்சல், குடிக்கற தண்ணி கூட வாந்தியா வர்றது, யூரின் குறையறது, மூணு நாள் தாண்டியும் நிக்காதது, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க. குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்களுக்கு அவ்ளோ நாள் காத்திருக்காதீங்க.

சாப்பிட்டுட்டோமேன்னு டெஸ்ட் எடுக்க வேண்டாம், உடம்பு நல்லா இருக்கறப்போ கிருமி இருக்குன்னே வந்தாலும் அதுக்கு மருந்து தர மாட்டோம். ஆனா பின்னாடி யூரின் இன்ஃபெக்ஷன் வந்து மாத்திரை கேக்கலன்னா, குடல்ல தங்கின இதே ஈ.கோலை தான் அங்க போயிருக்கலாம், அப்போ யூரின் கல்ச்சர், அதாவது யூரின்ல இருக்கற கிருமியை வளர்த்து பாக்கற டெஸ்ட், எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க, எந்த மருந்து வேலை செய்யும்னு அதுல தெரிஞ்சுடும்.