ஆண்ட்ரோமிடா, நம் கிருஷ்ணா ஆனது

கேள்வி: எங்கள் நிட்டிங் யூனிட்டில் ஓடுவது வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின்தான். அது சரி, ஒரு கடற்படை கழித்துவிட்ட போர்க்கப்பலை இன்னொரு நாடு விலை கொடுத்து வாங்குவது ஏமாளித்தனம் இல்லையா ஐயா?
– வாசகர், அவிநாசி

பதில்: சண்டைக்கென்று வாங்கினால் நீங்கள் கேட்பது நியாயம். கற்றுக்கொடுக்க வாங்கினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினைந்து ஆண்டுகள் கடற்படையில் நீராவி எஞ்சின் அறையில் இருந்துவிட்டுக் கோபிக்குத் திரும்பியவன் நான். அப்படிக் கற்றுக்கொடுக்கவென்று நம் கடற்படை வாங்கிய ஐ.என்.எஸ். கிருஷ்ணாவைக் கொச்சியில் ஏறிப் பார்த்திருக்கிறேன்.

அதன் பழைய பெயர் ஆண்ட்ரோமிடா. லியாண்டர் வகை ஃபிரிகேட், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் தளத்தில் கட்டி, 1968 டிசம்பரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்த்தார்கள். எழுபதுகளின் கடைசியில் பீரங்கியைக் கழற்றிவிட்டு எக்ஸோசெட், சீ வுல்ஃப் ஏவுகணைகளைப் பொருத்தினார்கள். 1982இல் அர்ஜென்டினாவோடு ஃபாக்லாந்து போர், 1993இல் ஓய்வு. 1995 ஆகஸ்டில் நம் கொடி ஏறியபோது அந்த ஏவுகணைகள் இல்லை. பயிற்சிக் கப்பலாகத்தான் வந்தது. இதன் உடன்பிறப்புகளை நியூசிலாந்தும் பாகிஸ்தானும்கூட வாங்கியிருக்கின்றன.

ஏன் இதையே வாங்கினார்கள்? மும்பை மசகான் தளத்தில் லியாண்டர் வடிவத்தைத் தழுவிக் கட்டிய நீலகிரி வகைக் கப்பல்களை 1972 முதல் நாம் ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த பாய்லர் நம் ஆட்களுக்குக் கைவந்த சரக்கு. ஒரே வகை மெஷினில் பழகிய ஃபிட்டர் கிடைத்தால் உங்களுக்கு எவ்வளவு நிம்மதி!

சதுர அங்குலத்துக்கு 550 பவுண்டு அழுத்தத்தில் நிற்கும் நீராவி அது. பாய்லர் முன்னால் நிற்பவன் முதலில் பழக வேண்டியது நீர்மட்டக் கண்ணாடியைப் பார்ப்பது. மட்டம் இறங்கினால் குழாய்கள் கருகும். ஏறிவிட்டாலோ நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைன் இறக்கைகளைச் சிதைக்கும். அனலில் வேர்த்து வழிய நின்றால்தான் இது உடம்பில் ஏறும்; வகுப்பறைப் படத்தில் ஏறாது.

எஞ்சின் அறைக்கு இறங்கும் இரும்பு ஏணியில் படிகளின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. முதலில் பிரிட்டிஷ் பூட்ஸ், பிறகு நம் பூட்ஸ். என் பங்காளி மகன் கேடட்டாக அந்த ஏணியில் இறங்கித்தான் பாய்லரைப் பழகினான். 2012 மே மாதம் கப்பலுக்கு விடை கொடுத்த செய்தியைப் போனில் சொன்னவனும் அவன்தான். பாதியில் அவனுக்குக் குரல் கம்மிவிட்டது.