ரேஷன் பாமாயிலும் தூக்குப்போசியும்

வணக்கம்.

நான் திருப்பூரில் இருக்கிறேன். பாமாயிலுக்காக இந்தோனேசியாவில் காடு அழிவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் பாமாயிலை நிறுத்தினோம். நான்கு வருடமாகச் செக்கில்தான் கடலை எண்ணெய். பாட்டில்கூட வாங்க மாட்டேன், தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போவேன். அரிசி, ஒரு இயற்கை விவசாயியிடமிருந்து தூயமல்லி. தலைக்கு, மில்லில் அரைத்த சீயக்காய்.

என் கணவர் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர் நின்றது, சம்பளம் பாதியானது. வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் பாதியாகவில்லை. இப்போது ரேஷன் அரிசி, ரேஷன் பாமாயில். நானும் ஒரு தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போகிறேன், சீயக்காய்க்கு நேரமில்லை. இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட்தான். செக்குக்காரர் கடை வழியாகப் போக வெட்கமாக இருக்கிறது, அடுத்த தெருவில் சுற்றிப் போகிறேன். சுற்றுச்சூழலைப் பார்த்து வாங்குவதெல்லாம் கையில் காசு இருக்கும்வரைதானா?

பெயர் வேண்டாம். ஒரு வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. அடுத்த தெருவில் சுற்றிப் போகிறேன் என்ற வரி என்னை விடவே இல்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் நடக்கும் தெருவையே மாற்றுகிறார் என்றால், நான் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் பாமாயில். மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாமல் வாங்குங்கள். லிட்டர் 25 ரூபாய்க்கு எண்ணெயும் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் தருவதே உங்களைப் போல வருமானம் சட்டென்று குறைந்துபோன வீடுகளும் தாக்குப்பிடிக்கத்தான். அந்த மரத்தின் மேலும் குற்றமில்லை. எண்ணெய்ப்பனை ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தரும், நிலக்கடலையில் அதில் பாதிகூட வராது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காட்டை வெட்டி, சதுப்பு நிலத்து நீரை வடித்து, அந்த இடத்தில் அதை நட்டதுதான் கேடு. அப்படி வரும் எண்ணெயை இங்கே இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகளுக்காக டெண்டர் விட்டு வாங்குவது அரசு. உங்கள் ஒரு பாக்கெட்டை நீங்கள் விட்டுக்கொடுத்தாலும் அந்த டெண்டர் அப்படியேதான் இருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் பல வருடமாக ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள், கடலை எண்ணெய் கொடுங்கள். நான் அந்தக் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டியது இதைத்தான். நல்ல பொருள் எப்போதும் விலை கூடியதாகவே இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. எல்இடி பல்பு நினைவிருக்கிறதா? 2014இல் மத்திய அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கும்போதே ஒரு பல்பு 310 ரூபாய். கோடிக்கணக்கில் வாங்க வாங்க, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அதற்கு முன் எல்இடி என்பது வசதியான வீட்டுச் சமாச்சாரம். இன்று குண்டு பல்பைத் தேடினால்தான் கிடைக்கும். எண்ணெய் விலை அந்த மாதிரி விழாது, ஏனென்றால் அது வயலில் விளைவது, உழைத்தவருக்குக் கட்டுபடியாக வேண்டும். மானியம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சரி, பாமாயிலுக்கும் மானியம் கொடுத்துத்தானே 25 ரூபாய்க்குத் தருகிறார்கள்? அந்தப் பணம் மலேசியாவுக்குப் போவதற்குப் பதில் பொள்ளாச்சித் தென்னைக்கும் திண்டிவனத்து நிலக்கடலைக்கும் போகட்டும் என்று கேட்பது நியாயம்தான். உங்கள் ஊர் கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ நீங்களும் கேட்கலாம். அதற்குக் காசு வேண்டாம்.

அப்புறம் உங்கள் ஊரையே பாருங்கள். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியதையும் ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் குட்டையானதையும் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது கொஞ்சமாவது கட்டுக்குள் வந்தது எப்படி? லண்டனில் ஒருவர் ஆர்கானிக் காட்டன் டி-ஷர்ட் வாங்கியதாலா? ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. அந்தச் செலவைச் சேர்த்து விலை சொன்னால் வெளிநாட்டில் துணி வாங்குபவர் எப்படிப் பேரம் பேசுவார் என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். அங்கேயும் கை இறுகினால் இதே கதைதான். 2008 பொருளாதார நெருக்கடிக்கு அடுத்த வருடம் பிரிட்டனில் இயற்கை விளைபொருள் விற்பனை ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. நம்மைவிட எவ்வளவோ வசதியான நாடு அது. நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

ஷாம்பு பாக்கெட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, உங்கள் மேல் இல்லை. அந்தச் சின்னப் பாக்கெட் பரவியதே நம் கடலூரிலிருந்துதான். பெரிய அளவில் வாங்க முடியாத கூலிக்காரருக்கும் பொருள் எட்ட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர் சின்னி கிருஷ்ணன் தொடங்கி வைத்தது. நல்ல எண்ணம்தான். இன்று பல ஷாம்புகளில் மில்லிக்கு மில்லி கணக்குப் போட்டால் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவாக வருகிறது. அப்படி விலை வைத்தது கம்பெனி. பல அடுக்காக ஒட்டிய அந்தப் பாக்கெட்டைப் பழைய சாமான் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், சாக்கடையில்தான் போய் அடைக்கும். கூலி வேலைக்குப் போய்வந்து இரவு எட்டு மணிக்குத் தலை குளிக்கும் பெண்ணிடம் சீயக்காய் போடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுங்கள். முடியாவிட்டால் விடுங்கள்.

ஆனால் ஒன்று உண்டு. டெண்டருக்கு உங்கள் ஒரு லிட்டர் தெரியாது என்றேன், செக்குக்காரருக்குத் தெரியும். தூயமல்லி விளைவித்தவருக்கும் தெரியும். நான்கு வருடம் வந்த வாடிக்கை ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றால், நம் எண்ணெயில் ஏதும் குறையோ என்றுதான் அவர் யோசிப்பார்.

எனக்கும் இது நடந்தது. பார்த்த வேலை திடீரென்று போனபோது, வாரம் இரண்டு நாள் மருந்தடிக்காத கீரை கொண்டுவரும் ஓர் அம்மாவிடம் வாங்குவதை நிறுத்தினேன். அவர் குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். மூன்றாவது வாரம் கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னேன். கூடையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து வாசல் திண்ணையில் வைத்தார். “இதுக்குக் காசு வேண்டாம் தம்பி, எங்க வீட்டு மரத்துல பறிச்சது. கதவை மட்டும் சாத்தாதீங்க” என்றார். அவருடைய விரல் இடுக்கெல்லாம் கீரைக் கறையில் பச்சையாக இருந்தது. பிறகு ஏழெட்டு மாதம் வாரத்துக்கு ஒரே ஒரு கட்டு வாங்கினேன், பத்து ரூபாய்க்கு.

அதனால், சமையலுக்குப் பாமாயில் இருக்கட்டும். தூக்குப்போசியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு செக்குக்குப் போய், வீட்டு நிலைமை இப்படி, இனி மாதம் கால் லிட்டர்தான், தாளிக்க மட்டும் என்று சொல்லுங்கள். அரிசிக்காரருக்கும் ஒரு போன் போடுங்கள். செக்குக்காரர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.