சுமாகோவில் ஒரு இரவு: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஜப்பானில் நகோயாவிலிருந்து மாலை கிளம்பி, ஏழரை மணிக்கு மலைப்பகுதியிலுள்ள பழைய சிற்றூரான சுமாகோ போய்ச் சேர்ந்து, ஏதாவது கடையில் சைவமாகச் சாப்பிடலாம் என்கிறீர்கள். அது நடக்காதுங்க. அங்கே கடைகள் ஐந்து மணி வாக்கில் மூடிவிடும். தங்கும் வீடுகளில் ஆறு மணியளவில் இரவுச் சாப்பாடு, அதுவும் முன்பதிவின்போதே சொல்லியிருந்தால்தான். மதியமே கிளம்புங்கள்.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. 'தாஷி' என்ற சாறுதான் சூப், சோபா நூடுல்ஸ், வேகவைத்த காய் எல்லாவற்றுக்கும் அடிப்படை; பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுப்பது. அதுவும் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் காலை உணவு மட்டும் வைத்துக்கொண்டு, நகோயா ஸ்டேஷனில் பழம், ரொட்டி, கடலை வாங்கிப் போவதே நல்லது. ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நடை. நகட்சுகாவா ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் மகோமே என்ற பக்கத்துப் பழைய ஊருக்குப் போய், அங்கிருந்து சுமாகோவுக்கு நடங்கள். சுமார் 8 கி.மீ., மூன்று மணி நேரம். மகோமே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் குறைவு. வழியில் தொங்கும் மணிகள் கரடிகளை விலகிப்போக வைப்பதற்காக; தாராளமாக அடிக்கலாம்!