சத்தமில்லாத அதிர்வு: ஸ்மார்ட்வாட்ச் பற்றி உங்கள் கேள்விகள்

கையில் மட்டும் அதிர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் சேதி சொல்லும் வசதி பற்றித்தான் இந்த முறை கேள்விகள் அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வாங்கிய புதிதில் ஒவ்வொரு அதிர்வும் பளிச்சென்று தெரிந்தது. இப்போது நாள் முழுக்க அதிர்ந்தாலும் கவனிப்பதே இல்லை. மோட்டார் பழுதா?

முதலில் ஒரு சோதனை. வாட்ச்சில் ஒரு நிமிட டைமர் வைத்துவிட்டுக் கையை அசைக்காமல் உட்காருங்கள். அப்போது நன்றாகத் தெரிந்தால் மோட்டாரில் குறையில்லை. அதிர்வு வருகிறது, மூளைதான் அதை ஒதுக்கித் தள்ளுகிறது. நாளுக்கு நூறு முறை தட்டி, அதில் தொண்ணூறு முறை உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால் மூளை வேறென்ன செய்யும்?

இந்த இடத்தில் பலரும் அதிர்வின் வலிமையைக் கூட்டுகிறார்கள். சில நாளில் அதுவும் பழகிவிடும். குறைக்க வேண்டியது எண்ணிக்கையைத்தான். போனில் இருக்கும் வாட்ச் ஆப்பைத் திறந்தால் எந்தெந்த ஆப்பின் அறிவிப்பு கைக்கு வரலாம் என்ற பட்டியல் இருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். வேண்டாததை மட்டும் அணைக்கலாம் என்று தொடங்கினால் பாதியில் அலுத்துப்போய் விட்டுவிடுவோம்.

எதைச் சேர்ப்பது? 'இது வந்தால் அடுத்த பத்து நிமிடத்துக்குள் நான் ஏதாவது செய்வேனா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பு, காலண்டர் நினைவூட்டல், வீட்டில் இருப்பவர்களின் செய்தி இவை தேறும். தள்ளுபடி அறிவிப்பு, செய்தி ஆப், விளையாட்டு, நாற்பது பேர் இருக்கும் குழு இவை தேறாது. ஓடிபிகூட எனக்குத் தேவைப்படுவதில்லை, அதைக் கேட்கும்போது போன் பெரும்பாலும் கையில்தான் இருக்கும். குழுக்களை மெசேஜ் ஆப்புக்குள்ளேயே மியூட் செய்துவிட்டால் வாட்ச்சுக்கும் வராது.

ஒன்று நினைவிருக்கட்டும்: வாட்ச்சில் அணைத்தால் போனில் அணைந்துவிடாது. எல்லாம் போனில் வழக்கம்போல் காத்திருக்கும், நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். இது புரிந்ததும் பலருக்குத் தயக்கம் போய்விடுகிறது. அப்புறம், போனில் புது ஆப் போட்டால் அதன் அறிவிப்பு தானாகவே கைக்கு வரத் தொடங்கலாம். பட்டியலை அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

கேள்வி: சில சமயம் போனுக்கு மட்டும் வருகிறது, வாட்ச் அதிர்வதில்லை.

பெரும்பாலும் அது கோளாறு இல்லை. ஐபோன் திறந்த நிலையில் இருந்தால் அறிவிப்பு போனிலேயே காட்டப்படும். போன் பூட்டியிருந்து, வாட்ச் கையில் பூட்டில்லாமல் இருந்தால்தான் கைக்கு வரும். ஆண்ட்ராய்டு வாட்ச்களிலும் போனைப் பயன்படுத்தும்போது வாட்ச்சை அமைதியாக வைக்கும் தேர்வு பலவற்றில் உண்டு. போன் பூட்டியிருந்தும் வரவில்லையென்றால் ப்ளூடூத் இணைப்பையும், 'தொந்தரவு செய்யாதே' நிலை இரண்டிலும் சேர்ந்து இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். போனில் அதைப் போட்டால் வாட்ச்சும் வாயை மூடிக்கொள்ளும்.

கேள்வி: அதிகாலையில் எழ வேண்டும். பக்கத்தில் கைக்குழந்தை தூங்குகிறது. அதிர்வு அலாரத்தை மட்டும் நம்பலாமா?

பலருக்கு இது போதும், எல்லோருக்கும் போதாது. நீங்கள் எந்த ரகம் என்பதை விடுமுறை நாளில் சோதித்துக்கொள்ளுங்கள், முக்கியமான பயணத்துக்கு முந்தைய இரவில் வேண்டாம். முதல் சில வாரங்களுக்குப் போனில் பத்து நிமிடம் தள்ளி ஒரு சத்த அலாரம் இருக்கட்டும். கையில் அதிர்ந்ததும் எழுந்துவிட்டால், அது அடிப்பதற்குள் அணைத்துவிடலாம்.

அலாரத்தை வாட்ச்சிலேயே வையுங்கள். போனில் வைத்தால் போனும் சேர்ந்து அலறக்கூடும். வாட்ச்சை சைலன்ட் நிலையில் போடுங்கள். 'தொந்தரவு செய்யாதே' நிலை பொதுவாக அலாரத்தைத் தடுப்பதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது சார்ஜரில்தான். ஆப்பிள் வாட்ச் சார்ஜரில் இருக்கும்போது சைலன்ட் நிலையில் இருந்தாலும் அலாரம் சத்தமாகவே அடிக்கும். நடுராத்திரியில் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால், குழந்தையை எழுப்பும் வேலையை வாட்ச்சே பார்த்துக்கொள்ளும். படுப்பதற்கு முன்பே சார்ஜ் ஏற்றி முடித்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்த வாட்ச் எழுப்பாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்ட்ராப்பை ஒரு துளை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே தள்ளிக் கட்டினால் அதிர்வு நன்றாகத் தெரியும். கை கட்டிலின் மரச்சட்டத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மரம் அந்த உறுமலைப் பெரிதாக்கிவிடும்.

ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பாமல், அலாரத்துக்கு முந்தைய 30 நிமிடத்துக்குள் தூக்கம் இலேசாகும் நேரம் பார்த்து எழுப்பும் வசதி ஃபிட்பிட் போன்ற சில வாட்ச்களில் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த அரை மணித் தூக்கமே பெரிய சொத்து. உங்களுக்கு அது வேண்டாம் என்பேன்.

கேள்வி: உட்கார்ந்திருக்கும்போது தெரிகிற அதிர்வு, நடக்கும்போதும் பைக் ஓட்டும்போதும் தெரிவதே இல்லை. ஏன்?

நகர்ந்துகொண்டிருக்கும் கையிலிருந்து வரும் தொடு உணர்வை மூளை தானாகவே மட்டுப்படுத்துகிறது. இல்லாவிட்டால் சட்டை உரசுவதுகூட நமக்கு ஓயாத தொல்லையாகிவிடும். கை வீசி நடக்கும்போது இலேசான தட்டல் அதில் அமுங்கிப்போகிறது.

மோட்டாருக்கும் இதில் பங்குண்டு. விலை குறைந்த வாட்ச்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் எடை கூடிய சின்னச் சுழல் மோட்டார் இருக்கும். அது வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும், அதிர்வு கொழகொழவென்று இருக்கும், சத்தமும் போடும். மற்ற வகையில் ஸ்பிரிங்கில் பொருத்திய ஒரு எடை முன்னும் பின்னும் நேர்கோட்டில் அசையும். 2015இல் வந்த முதல் ஆப்பிள் வாட்ச் முதல் 'டாப்டிக் என்ஜின்' என்ற பெயரில் இருப்பது இந்த வகைதான். விரலால் தட்டியதுபோல் சுருக்கென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் நரம்பு முனைகள் வினாடிக்குச் சுமார் 250 அதிர்வுகளை ஒட்டிய அளவில்தான் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. அதைவிட்டு விலகிப்போகும் மோட்டார் எவ்வளவு முக்கினாலும் பலன் குறைவு.

நடைக்கும் ஓட்டத்துக்கும் வழி இருக்கிறது. ஸ்ட்ராப்பை இறுக்குங்கள். கேலக்ஸி வாட்ச் என்றால் அதிர்வின் வலிமையோடு நீளத்தையும் கூட்டலாம். ஆப்பிளில் அழுத்தமான அதிர்வைத் தேர்ந்தெடுத்தால் சில அறிவிப்புகளுக்கு முன்னால் கூடுதலாக ஒரு தட்டல் தட்டிவிட்டு வரும். இழுத்துவிடும் உலோகச் செயினைவிட சிலிக்கான் ஸ்ட்ராப் தோலோடு ஒட்டி நிற்கும்.

பைக்குக்கு வழி சொல்ல மாட்டேன். ஹேண்டில்பார் அதிர்வில் அது அமுங்கிப்போவது உங்களுக்கு நல்லதுதான். தெரிந்தால் கண் மணிக்கட்டுக்குப் போகும். வண்டியை எடுக்கும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: வாட்ச்சைக் கழற்றி வைத்த பிறகும் கை அதிர்ந்ததுபோல் இருக்கிறது. இது ஏதாவது நரம்புக் கோளாறா?

இதை அனுபவிப்பவர்கள் ஏராளம். பேஜரும் போனும் வைத்திருந்த மருத்துவமனை ஊழியர்களிடம் நடத்திய ஒரு ஆய்வு 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பதில் சொன்னவர்களில் 68 சதவீதம் பேர் இல்லாத அதிர்வை உணர்ந்திருந்தார்கள். அழைப்பை எதிர்பார்த்தே இருக்கும் மூளை, தசைத் துடிப்பையோ துணி உரசலையோ அதிர்வு என்று தப்பாகப் படித்துவிடுகிறது. வாட்ச்சைச் சில நாள் மற்ற கைக்கு மாற்றிப் பாருங்கள், அறிவிப்புகளையும் குறையுங்கள். மரத்துப்போவது, வலி, பிடிமானம் தளர்வது இவையும் சேர்ந்திருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 64, இருபது வருடமாகச் சர்க்கரை நோய். மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச்சின் அதிர்வு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் கையில் கட்டினால் நன்றாக அதிர்கிறது என்கிறாள்.

வயதாக ஆக அதிர்வை உணரும் திறன் எல்லோருக்கும் குறையும் ஐயா, அதனால் இது மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் சர்க்கரை நோய் நரம்பைப் பாதிக்கும்போது மங்கிப்போகும் உணர்வுகளில் அதிர்வும் ஒன்று. வினாடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்து மருத்துவர்கள் இதைத்தான் சோதிக்கிறார்கள். பாதிப்பு வழக்கமாகக் காலில் தொடங்கும், கைக்குப் பிறகுதான் வரும். கையிலேயே மங்கல் தெரிகிறது என்கிறீர்கள். அடுத்த முறை சர்க்கரை மருத்துவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லிக் காலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வாட்ச் விஷயத்தில் கௌரவம் பார்க்காமல் அதிர்வோடு சத்தத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லையே என்று ஸ்ட்ராப்பை மேலும் மேலும் இறுக்க வேண்டாம். உணர்வு குறைந்த தோலில் புண் வந்தாலும் உடனே தெரியாது.

கேள்வி: மாத்திரை நேரத்துக்கு வாட்ச் அதிர்கிறது. கை தானாக அதை அணைத்துவிடுகிறது. மாத்திரையோ டப்பாவிலேயே இருக்கிறது.

அணைப்பதும் செய்து முடிப்பதும் ஒன்றாகிவிட்டதுதான் சிக்கல். மாத்திரை வாயில் போன பிறகுதான் அணைப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை தள்ளிப்போடும் பொத்தானை மட்டும் தொடுங்கள், அது திரும்ப வந்து நச்சரிக்கட்டும். ஆப்பிளின் மருந்து ஆப்பில், எடுத்ததாக நீங்கள் பதியாவிட்டால் 30 நிமிடம் கழித்து மறுபடி நினைவூட்டும்படி வைக்கலாம்.

அலாரம் அடிக்கும் நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள். மாத்திரை டப்பா கைக்கெட்டாத நேரத்தில் வரும் நினைவூட்டலால் பயனில்லை. சாப்பிட உட்காரும் நேரத்துக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது, மருந்தின் நேரத்தை மாற்றலாமா என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் காது கேட்காது. அழைப்பு மணி, குழந்தை அழுகை, தீ அபாய ஒலி இவற்றை வாட்ச் அதிர்வாக மாற்றித் தருமா?

முதல் இரண்டுக்கும் தாராளமாக முயன்று பார்க்கலாம். சுற்றியுள்ள ஒலிகளை அடையாளம் கண்டு அறிவிப்பு தரும் வசதி 2020 முதல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. கேட்பது போன், அதிர்வது வாட்ச். அதனால் போன் எங்கே கிடக்கிறது என்பதுதான் முக்கியம். உள்ளறையில் தலையணைக்கு அடியில் இருந்தால் வாசல் மணி அதற்கும் கேட்காது. வீட்டில் ஒவ்வொரு மணியையும் அடித்துப் பார்த்து, நன்றாகப் பிடிக்கும் இடத்தில் போனை வையுங்கள்.

தீ விஷயத்தில் இதை நம்பி இருக்காதீர்கள். ஆபத்து நேரங்களில் இந்த வசதியைச் சார்ந்திருக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். காது கேளாதவர்களுக்கென்றே பளீர் விளக்கும், தலையணைக்கு அடியில் வைக்கும் பெரிய அதிர்வுக் கருவியும் சேர்ந்த புகை எச்சரிக்கைக் கருவிகள் விற்கின்றன. படுக்கையையே உலுக்கும் அந்தக் கருவிக்கு முன்னால் கைக்கடிகார மோட்டார் ஒன்றுமே இல்லை. காலை அலாரத்துக்கும் அம்மாவுக்கு அதுவே பொருத்தம்.

கேள்வி: மீட்டிங்கில் அதிர்ந்ததும் வாட்ச்சைப் பார்த்தால், 'எப்போது முடியும் என்று பார்க்கிறான்' என்று நினைக்கிறார்கள்.

நினைக்கத்தான் செய்வார்கள், நானும் நினைப்பேன். பார்க்காமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே அதிர்வு? அந்த நேரத்தில் அழைப்பைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டால், அதிர்ந்தால் அழைப்பு என்று பார்க்காமலே தெரிந்துவிடும். கையை உயர்த்தினாலும் திரை ஒளிராத தியேட்டர் நிலை பல வாட்ச்களில் இருக்கிறது, அதையும் போடுங்கள்.

உண்மையிலேயே மணி பார்க்க வேண்டுமென்றால் ஆப்பிள் வாட்ச்சில் ஒரு குறும்பு உண்டு. சைலன்ட் நிலையில் திரைமேல் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் நேரத்தைத் தட்டலாகவே சொல்லும். 2:35 என்றால் இரண்டு சின்னத் தட்டல், அப்புறம் மூன்று நீளத் தட்டல், ஐந்து சின்னத் தட்டல். பார்வையற்றவர்களுக்கு மிகவும் உதவும் வசதி இது. மீட்டிங்கில் அலுத்துப்போனவர்களுக்கும் ஆகும்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். அதிரும் வாட்ச் கட்டலாமா?

கவனிக்க வேண்டியது அதிர்வை அல்ல, காந்தத்தை. வாட்ச்சிலும் சில ஸ்ட்ராப்களிலும் சார்ஜரிலும் காந்தம் இருக்கலாம். இத்தகைய பொருள்களை உடலில் பொருத்திய கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கும்படி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021இல் அறிவுறுத்தியது. சட்டைப் பையில் வாட்ச்சையோ சார்ஜரையோ போடாதீர்கள். அதிர்வு அலாரத்துக்காகக் கட்டிக்கொண்டு தூங்கும்போது கையை மார்பின்மேல் வைக்கும் பழக்கம் இருந்தால், பேஸ்மேக்கர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் கட்டினாலும் ஆபத்துத்தான். உங்கள் இதய மருத்துவரிடம் வாட்ச்சையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: அதிர்வை அணைத்தால் பேட்டரி நீடிக்குமா?

கொஞ்சம். ஒரு அதிர்வு ஒரு வினாடியில் முடிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் திரையும் சேர்ந்து எரிகிறது. முதல் பதிலில் சொன்னபடி பட்டியலைக் குறைத்தால் இரண்டும் மிச்சமாகும். எப்போதும் எரியும் திரையை அணைத்தால் அதைவிட மிச்சம்.