வெங்காயத் தோல் சோதனை: உப்புதான் காரணமா?

உப்புக் கரைசலில் வெங்காயத் தோலின் செல்கள் சுருங்கியது உப்பால்தான் என்று எப்படி நிரூபிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி. அதே வெங்காயத்தின் அதே இதழில் இன்னொரு துண்டை உரித்து, வெறும் தண்ணீரில் அதே நேரம் வையுங்கள். அது சுருங்காவிட்டால், கவர் ஸ்லிப் (நுண்ணோக்கியில் பார்க்க, துண்டின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி) அழுத்தியதாலோ காய்ந்ததாலோ வந்த மாற்றம் இல்லை என்று சொல்லலாம்.

அப்புறம், சுருங்கிய துண்டின் ஒரு ஓரத்தில் தண்ணீர் சொட்டுவிட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உப்புக் கரைசலை உறிஞ்சி எடுங்கள். செல்கள் உயிரோடு இருந்தால், செல்சுவரை விட்டு விலகிய புரோட்டோபிளாசம் (செல்லுக்குள் இருக்கும் உயிர்ப்பொருள்) மெல்ல உப்பி மறுபடி சுவரை ஒட்டும். பார்க்கவே அவ்வளவு அழகு! சிவப்பு வெங்காய இதழின் வெளிப்பக்கத் தோல் என்றால் வாக்குவோலிலேயே (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) நிறம் இருக்கும், சாயம் வேண்டாம்.

குறிப்பேட்டில் ‘செல் சுருங்கியது’ என்று எழுதாதீர்கள். செல்சுவர் ஏறக்குறைய அப்படியே நிற்கும், சுருங்குவது உள்ளே இருப்பதுதான்.