பாதியில் நின்றது யாருடைய படிப்பு?

கேள்வி: எனக்கு 47 வயது. கணக்குப் பிரிவில் 23 வருடமாக வேலை. வரலாற்றில் முதுகலை படிக்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே ஆசை. வீட்டுச் சூழ்நிலையால் இளங்கலையோடு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருக்கிறேன். பண்டைய கல்வெட்டுகள், காலனி ஆட்சிக் காலம், நாணயவியல், வரலாற்று எழுதுமுறை என்று நான்கு தாள்களைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இந்த வயதில் படிப்பு மண்டையில் ஏறுமா? பிள்ளை வயதில் இருப்பவர்களோடு உட்கார்ந்தால் சிரிக்க மாட்டார்களா? பதவி உயர்வுக்கும் உதவாத பட்டத்துக்கு இவ்வளவு மெனக்கெடலாமா? 'குயீன்' இசைக்குழுவின் பிரையன் மே 60 வயதில் முனைவர் பட்டம் வாங்கினாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவை மனைவி பார்த்துக்கொள்கிறாள். 21 வருடம் முன்பு எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவளும் எம்.ஏ. முதல் வருடம் முடித்துவிட்டு நிறுத்தியவள்தான். படிப்பின் அருமை தெரிந்தவள் என்பதால் ஒத்துழைப்பாள். நான் சேரலாமா?

பதில்: உங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே மூன்றும் வருடா வருடம் எனக்கு வருகின்றன.

மண்டையில் ஏறும். 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் வார்னர் ஷாயி என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த ஆய்வு அது. வேகமாகக் கவனித்துச் செய்யும் திறன் சீக்கிரமே இறங்கத் தொடங்குகிறது. சொல்வளமும், காரணம் கண்டு யோசிக்கும் திறனும் நடு வயதில் நன்றாகவே நிற்கின்றன. வரலாறு படிக்க உங்களுக்கு வேண்டியவை பின்னால் சொன்ன இரண்டும்தான். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நம் காலத்தில் ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்ததைத்தான் படித்தது என்று நினைத்துக்கொண்டோம். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். எழுதிப் பாருங்கள், நிற்கும்.

வகுப்பில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவரவருக்கு அவரவர் கவலை. பட்டம் எதற்கு உதவும் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டதைப் படிப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். அங்கே ஒரு வரியை நான் தாண்டிப் போக முடியவில்லை. 'அவளும் எம்.ஏ. முதல் வருடம் முடித்துவிட்டு நிறுத்தியவள்தான்.'

நிறுத்தியது யார்?

முதல் வருடத் தேர்வை எழுதி முடித்த ஒரு பெண், ஒரு நாள் காலையில் எழுந்து 'எனக்கு இனிப் படிப்பு வேண்டாம்' என்று தானாகவா சொன்னார்? அந்த வருடம் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நீங்கள். மீதி ஒரு வருடம்தான் இருந்தது. அந்த ஒரு வருடத்தைப் பற்றி இரண்டு வீட்டிலும் யார் பேசினார்கள், யார் பேசாமல் இருந்தார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எதுவும் எழுதவில்லை. நீங்கள் படிக்காமல் போனதற்கு மட்டும் 'வீட்டுச் சூழ்நிலை' என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். அவர் படிக்காமல் போனதற்கு ஒரு காரணமும் இல்லை, வெறும் 'நிறுத்தியவள்தான்'. உங்களுக்கு நேர்ந்தால் சூழ்நிலை, அவருக்கு நேர்ந்தால் அவரே செய்துகொண்டது. இது என்ன கணக்கு?

கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன், நான் எதையாவது விட்டுவிட்டேனோ என்று. நீங்கள் படிக்கப்போகும் நான்கு தாள்களின் பெயரும் இருக்கிறது. உங்கள் மனைவி எந்தப் பாடத்தில் எம்.ஏ. படித்தார் என்பது இல்லை. 21 வருடம் கூடவே இருப்பவர். கடிதத்தில் இடம் போதவில்லை என்று விட்டீர்களா, அல்லது உங்களுக்கே யோசித்துத்தான் சொல்ல வேண்டுமா?

பிரையன் மேயை உதாரணம் காட்டினீர்கள். நல்ல உதாரணம், ஆனால் அதை உங்களுக்கு எடுத்துக்கொண்டது தப்பு. அவர் 1970-களின் தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சூரிய மண்டலத்துத் தூசியை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழு பெயர் வாங்க ஆரம்பித்ததும் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பிடித்து, 2007-இல் பட்டம் வாங்கினார். ஆகவே அது பாதியில் விட்ட ஒருவர் திரும்பி வந்து முடித்த கதை. நீங்கள் எதையும் பாதியில் விடவில்லை. இளங்கலையை முடித்தீர்கள், வேலைக்குப் போனீர்கள். உங்கள் வீட்டில் பாதியில் விட்டவர் ஒருவர்தான் இருக்கிறார், தம்பி. அந்த உதாரணத்தை அவரிடம் என்றைக்காவது சொன்னீர்களா?

பல வருடமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நான் கவனித்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நடுவயதில் படிக்கப் போகலாமா என்று கேட்டு எழுதும் ஆண்கள், 'என்னால் முடியுமா?' என்று கேட்கிறார்கள். அதே கேள்வியை எழுதும் பெண்கள், 'நான் போனால் வீடு என்ன ஆகும்?' என்று கேட்கிறார்கள். முதல் கடிதத்தில் வீடு ஒரு வரி. இரண்டாவது கடிதத்தில் வீடு மூன்று பக்கம், படிப்பு ஒரு வரி. உங்களுடையது முதல் வகை. உங்கள் மனைவி எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஒரு வரி வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பின் அளவைக் 'கிரெடிட்' என்ற அலகால் அளக்கின்றன, ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு வைத்திருக்கின்றன. வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, தேர்வு எல்லாம் சேர்த்துத்தான். இரண்டு வருட முதுகலை அங்கே 120 கிரெடிட். குறைத்து வைத்துக்கொண்டாலும் 3,000 மணி நேரம். நீங்கள் சேரும் இடத்தில் கணக்கு வேறாக இருக்கலாம், உழைப்பு ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். வேலையில் இருந்துகொண்டு பகுதி நேரமாக நான்கு வருடத்தில் முடிக்கிறீர்கள் என்று வையுங்கள். தினமும் இரண்டு மணி நேரம், காய்ச்சல் வந்தாலும் விடாமல் உட்கார்ந்தாலும் 2,900 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஆய்வேடு எழுதும் மாதங்களில் இரண்டு மணி நேரமெல்லாம் காணாது. நீங்கள் கணக்குப் பிரிவு. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இந்த 3,000 மணி நேரம் யாருடைய பக்கத்தில் பற்று?

படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் புண் வந்துவிடும். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அத்தியாயம் முடிக்கிற நேரத்துக்குள் உங்கள் மனைவி உங்கள் அம்மாவை ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்திருப்பார். துணி மாற்றியிருப்பார், மருந்து கொடுத்திருப்பார். இதற்கு நீங்கள் வைத்த பெயர் 'பார்த்துக்கொள்கிறாள்'.

இந்த விஷயத்தில் என் எண்ணம் பழையது என்று சிலருக்குத் தோன்றலாம், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பெற்ற தாயைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. மருமகள் செய்வது அவருடைய நல்ல மனது. அதைத் தினமும் வாங்கிக்கொண்டே இருந்தால், நாளடைவில் அது அவருடைய கடமை என்றே நமக்குப் பட ஆரம்பித்துவிடும். உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. அந்தத் துணிவில்தான் இன்னும் நான்கு வருடத்தை அவர் பெயரில் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கேட்காமலே. 'ஒத்துழைப்பாள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை என்று தெரிகிறது. படிப்பின் அருமை தெரிந்தவர் என்பது உண்மைதான். அருமை தெரிந்தவருக்குத்தான் அது கையை விட்டுப் போன வலியும் தெரியும். அவருடைய அந்த வலியை உங்களுக்கு வசதியாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

கல்யாணத்தின்போது உங்களுக்கு 26 வயது, பெரியவர்கள் முடிவு செய்தார்கள், உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பீர்கள். இருக்கட்டும். இன்றைக்கு வயது 47. இன்றைக்கு அந்த வீட்டில் முடிவு செய்கிற பெரியவர் நீங்கள்தான்.

ஒரு சாயங்காலம் அம்மாவைக் கவனிக்கிற வேலை முழுவதையும் நீங்கள் செய்து முடித்துவிட்டு, மனைவியிடம் போய் உட்காருங்கள். 'நான் எம்.ஏ. சேரப் போகிறேன், நீ என்ன சொல்கிறாய்?' என்று தொடங்காதீர்கள். அதற்கு எந்த மனைவியும் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். 'அன்றைக்கு உன் படிப்பு ஏன் நின்றது?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் இப்போ எதுக்கு?' என்பார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வந்தால் நீங்கள் கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம். 21 வருடப் பழக்கம் அப்படிப் பேச வைக்கும். இன்னொரு நாள் கேளுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், உங்களுக்குப் பிடிக்காத ஏதாவது ஒன்று வெளியே வரலாம். பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கே உங்கள் விண்ணப்பத்தை எடுத்துக் காட்ட வேண்டாம்.

அவருக்கு ஆசை இருக்கிறது என்றால், முதலில் அவர் படிக்கட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பேரும் ஒன்றாகச் சேரலாமே என்று உங்களுக்குத் தோன்றும். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் படிக்கத் தொடங்கினால், மூன்றாவது மாதம் யார் புத்தகத்தை மூடி வைப்பார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முடிக்கட்டும், அப்புறம் நீங்கள். அதற்குள் உங்களுக்கு 50 ஆகலாம், 51 ஆகலாம். படிப்புக்கு வயது தடையில்லை என்று நிரூபிக்க 60 வயதுக்காரரைத் தேடிப் பிடித்த உங்களுக்கு, 51 அதிகமாகவா படப்போகிறது?

அதில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவருடைய பழைய முதல் வருடத்தை இப்போது கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று அவர் படித்த பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஒரு படிப்பை இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 21 வருடம் ஆகிவிட்டதால் முதலிலிருந்து தொடங்கச் சொல்லவே வாய்ப்பு அதிகம். அந்தச் செய்தி வரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்டால், பழைய ஆசிரியர்கள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள். யாரிடம் வாங்கலாம் என்று தேட வேண்டும். இந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படிக்கிற வேலை போதும்.

உண்மையாகவே வேண்டாம் என்கிறார், மனம் வேறு எதிலோ இருக்கிறது என்றால், நீங்கள் சேருங்கள். பகுதி நேரமாகவே சேருங்கள். ஆனால் சேர்வதற்கு முன்பே அம்மாவின் வேலைகளில் உங்கள் பங்கு எது என்று பேசி முடிவு செய்து, விண்ணப்பம் அனுப்பும் அந்த ஐந்து வாரமும் அதைச் செய்து பாருங்கள். காலை நேரம் முழுக்க உங்களுடையது என்றால், தேர்வு நாளன்றும் உங்களுடையதுதான். முடியாத நாளுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், அதை ஏற்பாடு செய்வதும் உங்கள் வேலை. 'இன்னைக்கு மட்டும் நீ பார்த்துக்கோ' என்று அவரிடம் சொல்லக் கூடாது. அந்த ஐந்து வாரத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் நான்கு வருடத்தையும் தாண்ட முடியாது.

இப்போதைக்கு விண்ணப்பத்தை உள்ளே வையுங்கள். அவருடைய முதல் வருட மதிப்பெண் பட்டியல் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, வாங்கிப் பாருங்கள். அடுத்த கடிதம் எழுதும்போது அவர் என்ன பாடம் படித்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.