வாசகர் கேள்வி – பதில்: மூடிய ஆலையின் மாடல் கார்கள்

பழைய பிளாஸ்டிக் மாடல் கார்களைச் சேகரிப்பது பற்றி வந்த கடிதங்களில், டெட்ராய்ட்டின் ஜோ-ஹான் நிறுவனத்தைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பொருள்களில் ‘ஜோ-ஹான்’ என்று அச்சிட்ட சில பெட்டிகள் இருந்தன. ஒட்டிச் சேர்க்க வேண்டிய கார் பாகங்கள் உள்ளே அப்படியே இருக்கின்றன. இப்பெயரில் இன்று எந்தக் கடையிலும் புதிய மாடல் கிடைப்பதில்லை. இது யாருடைய நிறுவனம்?

பதில்: கருவிகளும் அச்சுகளும் செய்வதில் தேர்ந்தவரான ஜான் ஹேன்லே, 1947-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய நிறுவனம் இது. முதலில் ‘ஐடியல் மாடல்ஸ்’ என்றுதான் பெயர் வைத்தார். அதே பெயரில் பெரிய பொம்மை நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருந்ததால், தன் பெயரையே சுருக்கி ‘ஜோ-ஹான்’ என்று மாற்றிக்கொண்டார். கார் நகரமான டெட்ராய்ட்டில் அமைந்தது தற்செயல் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் புதிய கார் வெளிவரும்போது, அதை அப்படியே சிறிதாக்கிய பிளாஸ்டிக் மாதிரிகளைக் கார் நிறுவனங்கள் செய்துதரச் சொல்லும். விற்பனை நிலையங்கள் அவற்றை மேசையில் வைத்து வாடிக்கையாளருக்கு வண்ணத்தைக் காட்டும், உடன் வரும் குழந்தையின் கையிலும் ஒன்றைக் கொடுத்தனுப்பும். விளம்பர மாதிரிகள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இவற்றைத்தான். அதே உடற்பகுதியோடு எஞ்சின், கூடுதல் சக்கரங்கள் போன்றவற்றைச் சேர்த்துப் பெட்டியில் போட்டு, வாங்குபவரே ஒட்டிக்கொள்ளும்படி விற்றது ‘கிட்’ ஆயிற்று. அளவு பெரும்பாலும் 25-இல் ஒரு பங்கு. அதாவது 5 மீட்டர் நீளமுள்ள கார் 20 சென்டிமீட்டராகும்.

போட்டி நிறுவனங்களான ஏஎம்டி, எம்பிசி ஆகியவற்றின் பெட்டிகளில் ஃபோர்டும் செவர்லேயும் நிறைந்திருக்க, ஜோ-ஹான் பெட்டிகளில் கிரைஸ்லர் குடும்பத்துக் கார்கள், காடிலாக், ஓல்ட்ஸ்மொபில், ராம்ப்ளர் ஆகியவையே முன்னால் நின்றன. எஞ்சின் அறையிலும் அடிப்பகுதியிலும் ஜோ-ஹான் சிக்கனம் பிடித்தது உண்மை. ஆனால் உடற்பகுதியின் வடிவ நேர்த்தியில் அதை விஞ்சியவர் அக்காலத்தில் குறைவு என்பதே என் கணிப்பு. 1970-களின் பிற்பகுதியில் விளம்பர மாதிரிகளுக்கான தேவை வற்றத் தொடங்கியதும் உற்பத்தி தேய்ந்தது. பின்னர் நிறுவனம் கைமாறியது, அச்சுகள் பலவும் சிதறின. ஏஎம்டி, எம்பிசி என்ற பெயர்கள் வேறொரு நிறுவனத்தின் கையில் இன்றும் பெட்டிகளில் வருகின்றன. ஜோ-ஹானுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

கேள்வி: ஒரே காரின் ஓர் ஆண்டு மாடல் எளிதாகக் கிடைக்கிறது, அதற்கு முந்தைய ஆண்டு மாடலுக்கோ பல மடங்கு விலை கேட்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

பதில்: இதற்கு விடை பெட்டிக்குள் இல்லை, எஃகு அச்சுக்குள் இருக்கிறது. இந்தச் சேகரிப்பில் இறங்கும் எவரும் முதலில் கற்க வேண்டியதும் இதுதான். இதை அறிந்தவருக்கு விலைப் பட்டியலே தேவைப்படாது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தும் எஃகு அச்சு மிகுந்த செலவு பிடிப்பது. கார் நிறுவனமோ ஆண்டுதோறும் முன் கிரில், பம்பர், பின் விளக்கு, பக்கவாட்டுப் பட்டை என்று எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய அச்சு செய்வது கட்டுப்படியாகாது என்பதால், கையில் இருக்கும் அச்சையே அடுத்த ஆண்டுக் காருக்கு ஏற்றபடி வெட்டித் திருத்தினார்கள். எஃகை வெட்டி எடுத்தால் பிளாஸ்டிக்கில் அந்த இடம் மேடாகும். ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தை நிரப்ப வேண்டுமானால் பற்றவைத்து மீண்டும் தேய்க்க வேண்டும். எப்படிச் செய்தாலும், திருத்தம் முடிந்த நாளில் முந்தைய ஆண்டுக் கார் அந்த அச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. அதை மறுபடி வார்க்க வழியே கிடையாது. அந்தந்த ஆண்டு மட்டும் விற்று முடிந்த இத்தகைய கிட்டுகளை ‘ஆண்டுப் பதிப்பு’ என்று தனியாகப் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

கார் நிறுவனம் ஒரு வடிவத்தையே கைவிட்டுப் புதிய உடற்பகுதிக்கு மாறும்போதுதான் பழைய அச்சுக்குத் திருத்தத்திலிருந்து விடுதலை. அது கடைசியாக எந்த ஆண்டுக் காருக்காகத் திருத்தப்பட்டதோ அந்த ஆண்டின் உருவத்திலேயே அலமாரியில் உறங்கும். பின்னாளில் தூசி தட்டி எடுத்தால் மறுபதிப்பாக வெளிவரும். ஏஎம்டி நிறுவனத்தின் செவர்லே கார்வேர் நல்ல சான்று. அந்தக் காரின் இரண்டாம் தலைமுறை 1965 முதல் 1969 வரை நீடித்தது. மறுபதிப்பாகத் திரும்பி வந்தது 1969-ஆம் ஆண்டு உருவம். ஜோ-ஹான் 1970-களில் ‘யுஎஸ்ஏ ஓல்டீஸ்’ என்ற வரிசையில் பழைய கார்களை மறுபடி விற்றபோதும், உயிரோடு எஞ்சிய அச்சுகளுக்குத்தான் அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே ஒரு கிட்டுக்கு விலை பேசும் முன், அந்தக் காரின் வடிவம் எந்த ஆண்டோடு முடிந்தது என்று பாருங்கள். இடைப்பட்ட ஆண்டென்றால் அரியது. இறுதி ஆண்டென்றால் சற்றுப் பொறுத்தால் மலிவாகவே அமையும்.

கேள்வி: கிரைஸ்லர் நிறுவனத்தின் டர்பைன் கார் மிகக் குறைவாகவே செய்யப்பட்டது என்று படித்தேன். ஆனால் ஜோ-ஹானின் டர்பைன் கிட் அடிக்கடி விற்பனைக்கு வருகிறதே, போலியா?

பதில்: போலி இல்லை. முந்தைய பதிலில் சொன்ன விதியே இங்கு மறுபக்கமாக வேலை செய்கிறது. வழக்கமான பிஸ்டன் எஞ்சினுக்குப் பதிலாக வாயுச் சுழலியால் ஓடிய அந்தக் காரை, சோதனை வண்டிகளையும் சேர்த்து மொத்தம் 55 மட்டுமே கிரைஸ்லர் செய்தது. உடற்பகுதி இத்தாலியின் கியா பட்டறையில் கையால் உருவானது. 1963 முதல் 1966 வரை 203 பொதுமக்களிடம் மாற்றி மாற்றி ஓட்டக் கொடுத்துவிட்டு, பிறகு பெரும்பாலான வண்டிகளை நிறுவனமே அழித்தது, எஞ்சியவை 9.

மறு ஆண்டு மாடல் என்று ஒன்று வராத கார் அது. திருத்த வேண்டிய தேவையே எழாததால் ஜோ-ஹானின் அச்சு முதல் நாள் வெட்டிய நிலையிலேயே தங்கியது, பலமுறை மறுபதிப்பும் கண்டது. உண்மையான கார் அரிதென்றால் அதன் கிட்டும் அரிதாகத்தான் இருக்கும் என்று எண்ணி, விற்பவர் கேட்ட விலையைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வெளியீட்டின் பெட்டிக்கும் பிந்தைய வெளியீட்டின் பெட்டிக்கும் இடையே சேகரிப்பாளர்கள் வேறுபாடு பார்ப்பதுண்டு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டி மகிழ விரும்புபவருக்குப் பிந்தையதே போதும்.

கேள்வி: பிரிக்கப்படாத பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கூடாது. பெட்டியைச் சுற்றியுள்ள சுருங்கு உறையை எவரும் எளிய சூடேற்றியைக் கொண்டு மறுபடி போட்டுவிடலாம். பழுப்பேறிய பெட்டியின் மேல் பளபளக்கும் உறை தெரிந்தாலே ஐயம் எழ வேண்டும். உறை பழையதே என்று வைத்துக்கொண்டாலும் உள்ளே டயர் முன்கண்ணாடியைத் தின்றுகொண்டிருக்கக்கூடும் (எப்படி என்பது அடுத்த பதிலில்). அதைப் பார்க்க வழியில்லாமல் கூடுதல் விலையும் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. திறந்த பெட்டியை, செய்முறைத் தாளில் உள்ள பாகப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வாங்குவதே நல்லது. குரோம் பூசிய பாகங்கள் அவற்றைத் தாங்கும் சட்டத்திலிருந்து வெட்டப்படாமல் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கிரில்லும் பம்பரும் அந்த ஓர் ஆண்டுக்கே உரியவை. தொலைந்தால் மாற்று கிடைப்பது கடினம். அதற்கடுத்துக் கண்ணாடிப் பாகங்கள், பிறகு டயர்கள், சக்கரங்களை இணைக்கும் உலோகத் தண்டுகள். நீரில் நனைத்து ஒட்டும் படங்களைக் கொண்ட டெக்கால் தாள் கடைசியில் பார்க்க வேண்டியது.

ரெசின் என்ற இறுகும் பிசினில் வார்த்த நகல்களும் உலவுகின்றன. நகல் என்று சொல்லி விற்பதில் தவறில்லை. சொல்லாமல் விற்றால் உடற்பகுதியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: எஃகு அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளி வெளியேற்றிய ஊசிகளின் வட்டத் தடங்கள் அசலில் துல்லியமாகத் தெரியும், ரெசின் நகலில் அவை மழுங்கியிருக்கும், மூலைகளில் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழ்களும் சுவர்த் தடிமனில் ஏற்றத்தாழ்வும் காணப்படும்.

கேள்வி: டயர் கண்ணாடியைத் தின்னும் என்று கேள்விப்பட்டேன். என் பெட்டி ஒன்றில் டயர் ஒட்டியிருந்த இடத்தில் முன்கண்ணாடி குழிந்து பிசுபிசுக்கிறது. காரணம் என்ன, சரிசெய்ய முடியுமா?

பதில்: அந்த டயர் ரப்பர் அல்ல, மென்மையாக்கிய வினைல். வினைலை வளையச் செய்வதற்காகக் கலந்த எண்ணெய் போன்ற வேதிப்பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியேறும். கிட்டின் பாகங்களை வார்த்த பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் ஊறி, அதை இளக்கிவிடும். டயரை மெதுவாகப் பெயர்த்து எடுத்தால் அதன் வரிகள் அப்படியே கண்ணாடியில் பதிந்திருப்பதைக் காணலாம். வெப்பம் மிகுந்த பரணில் வைத்திருந்தால் இது விரைவில் நேரும்.

குழி ஆழமில்லை என்றால் மீட்கலாம். முதலில் சோப்பு நீரில் கழுவிப் பிசுபிசுப்பை நீக்குங்கள். சில நாள் ஆறவிட்டால் இளகிய மேற்பரப்பு ஓரளவு இறுகும். பிறகு 600 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, 1000, 1500, 2000 என்று படிப்படியாக ஏறி, இறுதியில் பிளாஸ்டிக் மெருகுப் பசையால் துடைக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டிச் சென்றால் முந்தைய தாளின் கீறல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். உடற்பகுதியில் விழுந்த குழியென்றால் இவ்வளவு பாடு வேண்டாம். மாடல் புட்டி நிரப்பித் தேய்த்து, மேலே வண்ணம் பூசிவிடலாம்.

மற்ற பெட்டிகளையெல்லாம் இன்றே திறந்து, டயர்களைத் தனித்தனிப் பாலித்தீன் பைகளில் இட்டு வையுங்கள். வினைல் உறைகளில் போட்டால் பழைய கதைதான்.

கேள்வி: என்னிடம் 1950-களைச் சேர்ந்த ஜோ-ஹான் விளம்பர மாதிரி ஒன்று உள்ளது. கூரை தொய்ந்து, முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்துவிட்டது. வெந்நீரில் அமிழ்த்தி நிமிர்த்தலாமா?

பதில்: வேண்டாம். அக்கால விளம்பர மாதிரிகள் செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்க்கப்பட்டவை; பாலிஸ்டைரீன் வழக்கத்துக்கு வந்தது 1960-களின் தொடக்கத்தில். அசிட்டேட்டில் கலந்திருந்த மென்மைப்பொருள் காலப்போக்கில் வெளியேறுவதால் பிளாஸ்டிக் சுருங்குகிறது. தடிமன் எங்கும் ஒன்றாக இல்லாததால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்கி வளைகிறது. சூடேற்றி நிமிர்த்தினாலும் சுருங்கிய பொருள் திரும்ப நீளாது. சில மாதங்களில் மீண்டும் வளையும், இல்லையேல் விரிசல் விடும். முறிந்த இடத்தை வழக்கமான மாடல் பசையால் ஒட்டவும் இயலாது, அந்தப் பசை பாலிஸ்டைரீனுக்கு உரியது. வெயிலும் ஈரமும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். அக்கால மாதிரிகளில் சற்றும் வளையாதது அபூர்வம் என்பதால், மிதமான வளைவை வாங்குபவர்களும் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

கேள்வி: மஞ்சளேறிய டெக்கால் தாளை வெளுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. வெளிப்படையான உறையில் இட்டு, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில், படம் அச்சிட்ட பக்கம் வெளிநோக்கும்படி சில நாள்கள் ஒட்டி வையுங்கள். மஞ்சள் பெருமளவு குறையும். நீரில் இடுமுன் மெல்லிய தெளிபூச்சு ஒன்று அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய படலம் துண்டுதுண்டாக உடைந்து மிதக்கும்.

கேள்வி: யாரோ சிறுவயதில் பசையை வாரி இறைத்து ஒட்டி, தூரிகையால் தடிமனாக வண்ணம் பூசிய ஜோ-ஹான் கார் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தர முன்வருகிறார்கள். வாங்கத் தகுமா?

பதில்: இடைப்பட்ட ஓர் ஆண்டின் காராகவும், பம்பர்கள் இரண்டும் கிரில்லும் உடையாமலும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பெட்டியோடு கிடைக்காத எத்தனையோ ஆண்டுப் பதிப்புகளைச் சேகரிப்பாளர்கள் இப்படித்தான் மீட்டெடுக்கிறார்கள். பழைய பசை கால ஓட்டத்தில் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். காரைச் சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்து, இணைப்புகளை மென்மையாக அசைத்தால் பல பாகங்கள் தாமாகவே விட்டுக்கொடுக்கும். பசை வழிந்து பிளாஸ்டிக்கையே உருக்கி இணைத்த இடங்களில் மட்டும் மெல்லிய ரம்பம் தேவைப்படும். வண்ணத்தை அகற்ற, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பல் தூரிகையால் தேய்க்கலாம். அது பாலிஸ்டைரீனைத் தாக்காது, ஆனால் தீப்பற்றக்கூடியது, அறைச் சன்னல்கள் திறந்திருக்கட்டும். அசிட்டோனை அருகிலேயே கொண்டுவராதீர்கள், கார் கூழாகிவிடும்.

தேய்ந்துபோன குரோமைத் துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் போட்டால், குரோம் போலத் தெரியும் அலுமினியப் படலம் கரைந்துவிடும். அந்தத் திரவத்தோடு வேறு எந்தத் துப்புரவுப் பொருளையும் கலக்கக் கூடாது. கிரில்லை மறுபடி குரோம் பூசத் தருவதற்கு முன், எஃகு அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் பதிந்த கோடுகளைத் தேய்த்து நீக்கிவிடுங்கள்; பூசிய பிறகு அவை முன்பைவிடத் துருத்தித் தெரியும்.